போக மாட்டேன் என்பவனை டிராகன் முன்னால் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

கேள்வி: ஏர்க்கால்

ஒரு சிரிப்புக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத்தான். ஆனால் பக்கத்தில் சாய்ந்துகொண்டு காதை மட்டும் கொடுத்திருக்கும் பெரியவர்களும் சிரித்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பேராசை.

கதை இதுதான். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு குடியானவன். வம்புதும்புக்குப் போகாதவன். தன் வரப்புக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் 'அது அவன் நிலம்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பவன். ஒரு நாள் மேட்டில் வண்டியை அவிழ்த்துப் போட்டவன், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க மறந்துவிடுகிறான். வண்டி உருண்டோடி, ஊரையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த கரடியின் மேல் ஏறிவிடுகிறது. கரடி காலி. வண்டியின் அச்சும் காலி. அச்சு போன துக்கத்தில் இவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஊர் திரண்டு வந்து இவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறது. மறுநாளிலிருந்து இவன் பெயர் 'கரடி கொன்றான்'.

இதுவரை ஓடிவிட்டது. வாசித்தால் சிரிப்பும் வருகிறது. அப்புறம்தான் டிராகன் வருகிறது. ராஜாவின் வீரர்களில் ஒருவனுக்குக் குதிரை லாடம் தேய்ந்துவிட்டது, ஒருவனுக்கு மாமியார் வீட்டில் விசேஷம், ஒருவனுக்கு முழங்கால். எல்லோரும் சேர்ந்து கை காட்டுவது நம் ஆளை.

அவனோ போக மாட்டேன் என்கிறான். ராஜா மிரட்டிப் போனால் அவன் வெறும் பொம்மை. ஊர்ப் பிள்ளைகள் அழுவதைப் பார்த்து மனம் மாறிப் போனால், அந்த நிமிஷமே கதையில் சிரிப்பு செத்துவிடுகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வசனம் பேச ஆரம்பித்துவிடுகிறான். சகிக்கவில்லை.

சரி, எப்படியோ போய்விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போய் என்ன செய்வான்? வாளால் வெட்டினால் அது ஆயிரம் பேர் எழுதிய கதை. இன்னொரு தற்செயல் விபத்து என்றால் கரடி ஜோக்கையே இரண்டாம் தடவை சொன்னதாகிவிடும். டிராகன் பயங்கரமாக இருக்க வேண்டுமா, அசடாக இருக்க வேண்டுமா என்பதும் பிடிபடவில்லை.

பழைய கதைகளில் இப்படிப்பட்ட ஆட்களை எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்தி சொல்பவர்களைவிட உதாரணம் சொல்பவர்களுக்கு முன்னுரிமை.

பதில்: கணக்குப்பிள்ளை

பிள்ளைகள் அழுவதை விடுங்கள். ஆடுகளைப் பாருங்கள்.

புனித ஜார்ஜ் கதையையே எடுத்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாறுகளில் அது வருகிறது. லிபியாவில் சிலேன் என்ற ஊர், டிராகன் ஊருக்குள் வராமலிருக்கத் தினம் இரண்டு ஆடு கொடுக்கிறது. ஆடு குறைய ஆரம்பித்ததும் ஓர் ஆடு, ஓர் ஆள் என்று மாற்றுகிறார்கள். ஆளுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ராஜா மகள் பெயர் வந்த பிறகுதான் குதிரைவீரன் வருகிறான், கதை சூடு பிடிக்கிறது. எல்லோரும் ராஜா மகளையே பார்க்கிறோம். அதற்கு முன்னால் தினம் இரண்டு ஆடு யார் பட்டியிலிருந்து போயின? அப்படி ஒருவன் இருந்திருப்பான் இல்லையா? அவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. உங்கள் ஆள் அவன்தான்.

வட இங்கிலாந்தில் லாம்ப்டன் புழு என்று ஒரு டிராகன் கதை உண்டு. அதற்குத் தினமும் ஒன்பது பசுக்களின் பால் வேண்டும். பால் குறைந்தால் கோபத்தில் மரங்களை வேரோடு பிடுங்கிப் போடும். கதையைச் சொல்கிறவர்கள் அதை வெட்டிய பிரபு வீட்டுப் பையனைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒன்பது மாட்டை விடியற்காலையில் கறந்த ஆளைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஒரு யோசனை. டிராகன் வந்த சேதி கேட்டதும் ஊர்க்காரர்கள் 'கரடி கொன்றான் வீட்டுப் பக்கம் அது வராது' என்று முடிவு கட்டட்டும். ஆளாளுக்குத் தங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டுவந்து இவன் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போகட்டும். மரியாதைக்காக அவனால் மறுக்கவும் முடியாது. இப்போது ஊர் ஆடு பூராவும் இவன் வைக்கோலைத் தின்கிறது. நாலாம் நாள் வைக்கோல் போர் பாதி. அவன் டிராகனைத் தேடிப் போவதற்கு வீரம் எதற்கு? கஞ்சத்தனம் போதும்.

பதில்: பழங்கதைப்பெட்டி

கணக்குப்பிள்ளை சொன்னது போவதற்கான காரணம். நான் போன பிறகு நடப்பதைப் பேசுகிறேன்.

ருமேனியக் கதை ஒன்று உண்டு, ஸ்டான் பொலோவான் என்பவனைப் பற்றி. ஆங்கிலத்தில் ஆண்ட்ரூ லாங் 1901இல் வெளியிட்ட தேவதைக் கதைத் தொகுப்பு மூலம் பலருக்குத் தெரிந்தது. பிள்ளையில்லாத ஸ்டான் ஒரு வரம் கேட்டு வைக்கிறான், வீட்டுக்குத் திரும்பினால் நூறு பிள்ளைகள். நூறுக்கும் சாப்பாடு போட வழியில்லை. எதையாவது தேடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். வழியில் ஒரு பெரிய ஆட்டு மந்தை. தினம் நள்ளிரவில் டிராகன் வந்து ஒரு கிடா, ஓர் ஆடு, ஒரு குட்டி என்று தூக்கிப்போகிறது என்று இடையன் புலம்புகிறான். 'அதை ஒழித்தால் என்ன தருவாய்?' 'மூன்றில் ஒரு பங்கு ஆடு.' நூறு வயிறு கண்ணில் நிற்க, ஸ்டான் ஒத்துக்கொள்கிறான். எப்படி ஒழிப்பது என்று அவனுக்கு ஒரு யோசனையும் இல்லை.

டிராகன் வந்து இறங்கியதும் பயத்தில் இவன் வாயிலிருந்து வருவது முழுப் பொய். ராத்திரி முழுக்கப் பாறையைத் தின்பவன் நான், பகலில் மலைப் பூக்களைத் தின்பவன், ஆட்டைத் தொட்டாயோ முதுகில் சிலுவை கீறிவிடுவேன் என்கிறான். டிராகன் திகைத்துப் போய்ப் பலத்தைக் காட்டு என்கிறது. ஸ்டான் பையிலிருந்த பாலாடைக்கட்டியை எடுக்கிறான். இந்தக் கல்லைப் பிழிந்து மோர் எடுக்கிறேன் பார், நீயும் ஆற்றங்கரையிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து அதேபோலச் செய் என்கிறான். டிராகன் நிஜக் கல்லைப் பிழிகிறது. கல் மாவாகிறது, மோர் வரவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லை மாவாக்குகிற கை அது! அந்தக் கையால் ஸ்டானைத் தொட்டால் முடிந்தது. ஆனாலும் தோற்றது தான்தான் என்று டிராகன் நம்புகிறது. டிராகன் பயங்கரமா அசடா என்று கேட்டீர்களே, இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் இந்தக் கதையின் சூட்சுமம். உடம்பில் ஒரு துளி பலம் குறையக் கூடாது. குறைந்தால் ஸ்டானுக்கு ஆபத்தில்லை, ஆபத்தில்லாவிட்டால் சிரிக்க ஒன்றுமில்லை. அசட்டுத்தனம் எல்லாம் அதன் கணிப்பில் மட்டும் இருக்க வேண்டும்.

அதன் பிறகு டிராகன் இவனைத் தன் தாயாரிடம் வேலைக்கு அழைத்துப் போகிறது. தாய் டிராகன் மகனைவிடப் பொல்லாதது. இவனைப் பார்த்ததுமே சந்தேகம். மகன் ஒரு பெரிய கதாயுதத்தை மூன்று மைல் எறிகிறான், நீயும் எறி என்கிறான். ஸ்டானால் அதைத் தூக்கக்கூட முடியாது. சும்மா நின்றுகொண்டிருக்கிறான். ஏன் எறியவில்லை? 'நிலா வழியில் நிற்கிறதே, அது நகரட்டும் என்று பார்க்கிறேன்.' கதாயுதம் பாட்டன் சொத்து. அது நிலாவில் போய் விழுந்தால் என்ன செய்வது என்று டிராகன் பதறி, 'நீ எறியவே வேண்டாம்' என்று காசு கொடுத்துக் கெஞ்சுகிறது.

மறுநாள் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு எருமைத்தோல் பைகள். வெறும் பையையே ஸ்டானால் இழுக்க முடியவில்லை. ஓடைக்கரையில் குந்தி, சின்னக் கத்தியால் மண்ணைக் கீறத் தொடங்குகிறான். பை பையாகச் சுமப்பானேன், ஓடையையே பெயர்த்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்கிறான். டிராகனே தண்ணீர் சுமக்கிறது. விறகு வேலையும் இதே கதி: ஒரு மரம் எதற்கு, காட்டையே கட்டி இழுக்கிறேன்.

கவனியுங்கள், அவன் எந்த இடத்திலும் 'முடியாது' என்று சொல்வதில்லை. கேட்டதைவிடப் பெரியதாக ஒன்றை, சலிப்போடு சொல்கிறான். அந்தச் சலிப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் குடியானவனிடமும் சலிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியில் ராத்திரி தூக்கத்தில் இவனை அடித்துக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். ஒட்டுக் கேட்ட ஸ்டான் படுக்கையில் பன்றித் தொட்டியை வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். தொட்டி மேல் விழுந்த அடியைக் காலையில், 'என்னவோ பூச்சி கடித்தது' என்று சாதாரணமாகச் சொல்கிறான். அதோடு டிராகன் குடும்பம் மூட்டை மூட்டையாகப் பொற்காசு கொடுத்து, 'தயவுசெய்து கிளம்பு' என்கிறது. மூட்டையைத் தூக்க இவனால் ஆகாதே? டிராகனையே சுமக்க வைக்கிறான். வீட்டு வாசலில் நூறு பிள்ளைகளும் கத்தியும் முள்கரண்டியுமாக ஓடிவந்து 'டிராகன் கறி! டிராகன் கறி!' என்று கூவ, மூட்டைகளைப் போட்டுவிட்டு டிராகன் பறந்துவிடுகிறது. எந்தப் பசி இவனை வீட்டைவிட்டுத் துரத்தியதோ அதே பசிதான் டிராகனையும் துரத்துகிறது. இதற்கு மேல் ஒரு முடிவை யாராலும் கட்ட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, ஆர்னே-தாம்சன்-ஊதர் அட்டவணை, அதில் கல் பிழிவதற்கு 1060, எறிதலுக்கு 1063, படுக்கை அடிக்கு 1115, பிள்ளைகள் கறி கேட்பதற்கு 1149 என்று தனித்தனி எண்ணே இருக்கிறது. அதாவது இவை பல நாடுகளில் சுற்றிய சரக்கு. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏர்க்கால்:

வைக்கோல் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கேட்கப் போவதில்லை. ஸ்டான் அற்புதம். ஆனால் ஒரு சிக்கல். ஸ்டான் வாய்ச்சொல் வீரன். என் ஆளுக்கு வாய் கிடையாது. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இவனைப் பொய் சொல்ல வைத்தால் வேறு ஆளாகிவிடுவான்.

பதில்: மாவுக்கட்டை

வாயில்லாதவனுக்கும் ஆள் இருக்கிறான். இங்கிலாந்தில் சஸெக்ஸ் பகுதியில் லிமின்ஸ்டர் என்ற ஊர். அங்கே அடியே கிடையாது என்று சொல்லப்பட்ட ஒரு குளம், அதில் ஒரு டிராகன். அதைக் கொன்றவன் ஜிம் புட்டாக் என்ற உள்ளூர்ப் பையன். கொன்ற விதம்: ஒரு பெரிய புட்டிங் வேகவைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனான்.

அங்கே பெரிய வசனம் எதுவும் இல்லை. டிராகனும் அவனும் எதிரெதிர் வீட்டுக்காரர்களைப் போல நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்கிறது. புட்டிங் என்கிறான். அப்படியென்றால் என்ன என்கிறது. தின்று பார் என்கிறான். புட்டிங், வண்டி, குதிரை எல்லாம் போய்விடுகின்றன. அப்புறம் டிராகனுக்கு வயிற்று வலி. ஜிம் திரும்பி வந்து, மருந்து தருகிறேன் என்று பக்கத்தில் போய்க் கோடாலியைப் போடுகிறான். விஷம் கலந்த 'பை' என்ற மாவுப் பண்டத்தைக் கொடுத்தான் என்றும் ஒரு பாடபேதம் உண்டு. அதில் வேலையை முடித்துவிட்டுக் குடிக்கப் போனவன், கையில் ஒட்டியிருந்த விஷத்தோடு வாயைத் துடைத்துச் செத்துப்போகிறான். கொன்றவன் கல்லறை என்று ஒரு பழைய கல்லை அந்த ஊர்த் தேவாலயத்தில் இப்போதும் காட்டுகிறார்கள்.

இவன் தொழிலே ஆயுதம், பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக் கதையில் வரும் அசிபாட்டில் என்பவனும் அப்படித்தான். நாளெல்லாம் அடுப்புச் சாம்பலில் புரண்டு கிடக்கும் சோம்பேறி. கடலை அடைத்துக் கிடக்கும் ராட்சதப் பாம்பின் வாய்க்குள் சின்னப் படகில் போய், அதன் ஈரலில் எரியும் தணல்கட்டியைச் செருகிவிட்டு வருகிறான். பாம்பு துடித்துச் சிதறிய பற்கள் ஆர்க்னி, ஷெட்லாந்து, ஃபாரோ தீவுகளாகவும், உடம்பு ஐஸ்லாந்தாகவும் ஆயின என்பார்கள். வாழ்நாளெல்லாம் அடுப்பைவிட்டு நகராதவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் தணலை அணையாமல் வைத்திருப்பது. அதை வைத்தே ஜெயிக்கிறான்.

உங்கள் ஆளுக்கு என்ன தெரியும்? ஆடு, வைக்கோல், முறிந்த அச்சு. அதற்குள்ளேயே விடை இருக்கும்.

பதில்: எதிர்ப்பாட்டு

மேலே எல்லோரும் குடியானவனை ரொம்பச் செல்லம் கொடுத்து வளர்க்கிறீர்கள். கொஞ்சம் அசிங்கமும் வேண்டும்.

1685இல் அச்சான 'வாண்ட்லி டிராகன்' என்ற ஆங்கிலப் பாடலில் நாயகன் மோர் என்பவன். ஷெஃபீல்டுக்குப் போய் உடம்பெல்லாம் முள் வைத்த கவசம் செய்துகொள்கிறான். ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்து ஏதோ முள்ளம்பன்றி என்று நினைக்கிறார்கள். சண்டைக்கு முன்னால் தைரியத்துக்கு ஆறு குவளை பீரும் மேலே ஒரு பாட்டில் சாராயமும் உள்ளே போகின்றன. போய்க் கிணற்றுக்குள் ஒளிந்துகொள்கிறான். தண்ணீர் குடிக்க வந்த டிராகனின் முகத்தில் ஒரு குத்து. நீண்ட சண்டை. கடைசியில் அது சாவது பின்பக்கத்தில் விழுந்த ஒரே உதையில்! எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு சமாச்சாரம். அந்தப் பாட்டை 1765இல் தன் தொகுப்பில் சேர்த்த தாமஸ் பெர்சி, உண்மையில் அது ஊர் விளைச்சலில் தேவாலய வரி பிடுங்கிய ஒரு பெரிய மனிதரைப் பற்றிய நையாண்டி என்று விளக்கம் கொடுக்கிறார். கணக்குப்பிள்ளை சொன்ன ஆட்டுக் கணக்கு இங்கேயும் இருக்கிறது. 1737இல் அதை இசை நாடகமாக லண்டனில் போட்டபோது கூட்டம் அலைமோதியது.

ஆனால் நான் எச்சரிக்க வந்தது வேறு. பட்டப்பெயர் விடாது. மேரி ஃப்ரீர் 1868இல் வெளியிட்ட தக்காணக் கதைகளில் ஒரு குயவன் வருகிறான். மழை ராத்திரியில் தொலைந்த கழுதையைத் தேடிப் போய், இருட்டில் புலியைக் கழுதை என்று பிடித்து, அடித்து, ஏறி, வீட்டு வாசலில் கட்டிவைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். புலி ஏன் அடங்கியது? பக்கத்துக் குடிசைக் கிழவி கூரை ஒழுகுவதைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த 'ஒழுகல்' புலியைவிடப் பெரிய பிராணி என்று அது நினைத்துவிட்டது. விடிந்ததும் ஊர் கூடுகிறது. அப்புறம் ராஜா இவனைப் படைத்தளபதி ஆக்குகிறார். குதிரை ஏறத் தெரியாதவனை மனைவி குதிரையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறாள். மிரண்ட குதிரை எதிரிப் பாசறை நோக்கி ஓட, நிறுத்தலாம் என்று வழியில் ஒரு மரத்தைப் பிடிக்கிறான். மண் இளகிய மரம் வேரோடு கையில் வந்துவிடுகிறது. மரத்தோடு வருபவனைப் பார்த்து எதிரிப் படை ஓட்டம்.

அடுத்தடுத்து இரண்டு விபத்து இருந்தும் சலிக்கவில்லையே, ஏன்? இரண்டாவது விபத்து முதல் விபத்தின் விளைவு. புலியைப் பிடித்திராவிட்டால் குதிரை மேல் கட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் கரடி ஜோக்கைத் திரும்பச் சொல்லக் கூடாது என்று பயப்படுகிறீர்கள். திரும்பச் சொல்லாதீர்கள், வட்டி போட்டு வசூலியுங்கள்.

ஏர்க்கால்:

எல்லோரும் சொன்னதைக் கலந்து ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். இடம், குகை வாசல். வைக்கோல் தீரப்போகிறது என்பதால் வந்திருக்கிறான். பொய் சொல்லவில்லை. சொல்லவே விடவில்லை நான்.

'யாரது?' என்றது டிராகன். குகைக்குள்ளிருந்து வந்த சூட்டில் அவன் புருவம் சுருண்டது.

'நான்தான். வைக்கோல் விஷயமாக வந்தேன்.'

வாள் விஷயமாக வந்தவர்களை டிராகன் பார்த்திருக்கிறது. அவர்களில் சிலருடைய தொப்பிகள் இன்னும் மூலையில் கிடந்தன. வைக்கோல் விஷயமாக இதுவரை யாரும் வந்ததில்லை. அது தலையை வெளியே நீட்டியது. தலை மட்டுமே அவன் தொழுவத்தளவு இருந்தது.

'என் தொழுவத்தில் நாற்பத்திரண்டு ஆடு நிற்கிறது,' என்றான். 'என்னுடையது ஆறு. மீதியெல்லாம் உனக்குப் பயந்து கொண்டுவந்து கட்டியவை. நீ வருகிறாயா இல்லையா?'

'வரச் சொல்கிறாயா?'

'வந்தால் இன்றைக்கே வா. வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு. இரண்டுங்கெட்டானாக இருந்தால் நான் எத்தனை நாள் தீனி போடுவது?'

டிராகன் மூக்கால் புகைவிட்டு யோசித்தது. கூப்பிட்டு விருந்து வைக்கிற மனிதனை அது கண்டதில்லை. 'இவ்வளவு தூரம் நடந்தா வந்தாய்?'

'வேறெப்படி? வண்டி அச்சு முறிந்துவிட்டது.'

'எப்படி முறிந்தது?'

'கரடி மேல் ஏறி.'

'கரடி என்ன ஆயிற்று?'

'அதை விடு. அச்சு புதுசு.'

டிராகன் அவனை மேலும் கீழும் பார்த்தது. கையில் ஆயுதம் இல்லை. இடுப்பில் ஆயுதம் இல்லை. முகத்தில் பயம் இருந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. குகை வாசலில் காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'இது யாருக்காவது வேண்டுமா?' என்றான்.

'எது?'

'இந்தப் புல்.'

'எடுத்துக்கொள்,' என்றது டிராகன். தன் குரல் ஏன் இவ்வளவு மெதுவாக வந்தது என்று அதற்கே விளங்கவில்லை.

இத்துடன் நிற்கிறது. வெட்டு, குத்து, உதை எதுவும் இன்னும் வரவில்லை. மேலே எப்படிக் கொண்டுபோகலாம்?

பதில்: பழங்கதைப்பெட்டி

'அச்சு புதுசு' என்ற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்டான் பொய்யைச் சொல்லிப் பயமுறுத்தினான். உங்கள் ஆள் உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துகிறான். அதைக் கடைசிவரை காப்பாற்றுங்கள்.

ஒரே ஒரு குறை. மூலையில் கிடக்கும் தொப்பிகளைச் சட்டென்று கடந்துவிட்டீர்கள். இவன் அவற்றில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கட்டும், உள்ளே தலை இருந்த தடம் தெரியட்டும். பிள்ளைகள் ஒரு கணமாவது மூச்சைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் அந்தத் தொப்பியிலேயே புல்லை அள்ளட்டும்.

பதில்: எதிர்ப்பாட்டு

உதை வேண்டும். பிடிவாதமாகவே கேட்கிறேன். டிராகனுக்கு விழ வேண்டாம் என்றால், முழங்கால் வலி என்று ஒதுங்கிய வீரனுக்காவது விழட்டும். ஊருக்குத் திரும்பும்போது டிராகனைக் கொன்றது தான்தான் என்று அவன் சொல்லிக்கொண்டு திரிவான், பாருங்கள். டிராகன் கதைகளில் இப்படி ஒரு திருட்டு வீரன் வருவது வழக்கம். வெட்டிய தலையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போவான். உண்மையில் கொன்றவன் நாக்கை அறுத்துப் பையில் வைத்திருப்பான். தலைக்குள் நாக்கு எங்கே என்று சபையில் கேட்டதும் குட்டு உடையும். உங்கள் கதையில் டிராகன் உயிரோடு இருக்கிறதே, இன்னும் வசதி. அவன் பீற்றிக்கொண்டிருக்கும்போது அதுவே பின்னால் வந்து நிற்கலாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

டிராகன் ஏன் ஊருக்கு வரப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: முப்பத்தாறு ஆட்டுக்கு இத்தனை நாள் தீனி, ஓர் அச்சு, ஒரு நாள் வேலை கெட்டது. குகைக்குள் பொன் குவிந்து கிடக்கிறது. இவன் கணக்குச் சொல்லாமல் மலையிறங்கினான் என்றால் நான் நம்ப மாட்டேன். புல் கட்டையும் டிராகனே தூக்கிக்கொண்டு வரட்டும், வண்டிதான் இல்லையே.